ஓரக் குழிகள்

விசாரணைக் குழுத் தலைவர் அவர்களுக்கு, வணக்கம்.

தாங்கள் அனுப்பிய கேள்வித்தாள் செவ்வாய்க்கிழமை காலை கைக்கு வந்தது. அன்றே பதில் எழுதியிருப்பேன். மூன்றாவது கேள்வியில் ஒரு சொல் இடறியது. "இன்குபேட்டரில் தண்ணீர்த் தட்டு வறண்டு கிடந்தது யாருடைய அலட்சியம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இருபத்திரண்டு வருடமாக அந்த ஆய்வகத்தில் தொழில்நுட்ப உதவியாளன். என் பொறுப்பில் இருந்த எந்தப் பொருளும் அலட்சியத்தால் கெட்டதில்லை. தட்டு வறண்டதும் அலட்சியத்தால் இல்லை.

கண்ணாடிச் சாமான் கழுவும் அம்மாவை நீங்கள் வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். தட்டில் தண்ணீர் ஊற்றுவது அவர் வேலை என்பது உண்மைதான். "இனிமே அதை நான் பாத்துக்கறேன், நீங்க அந்தப் பக்கமே வர வேணாம்" என்று சொன்னது நான். "இருபது வருஷத்துல என் வேலையைக் கேட்டு வாங்கிக்கிட்ட மொத ஆளு நீங்கதான் சார். அப்படியே தரையையும் துடைச்சிட்டீங்கன்னா நான் வீட்டுலயே இருந்துப்பேன்" என்று சிரித்தார். தயவுசெய்து அவரைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். அந்தத் தட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லாமல் பார்த்துக்கொண்டவன் நான்.

உங்கள் குழுவில் இரண்டு பேர் நிர்வாகப் பிரிவைச் சேர்ந்தவர்கள் என்பதால் கொஞ்சம் விளக்கமாக எழுதுகிறேன்.

எங்கள் ஆய்வகத்தில் வளரும் கல்லீரல் புற்றுநோய்ச் செல்கள் எப்போதோ இறந்துபோன ஒருவருடைய கட்டியிலிருந்து எடுக்கப்பட்டவை. அவர் யாரென்று எங்களுக்குத் தெரியாது. அவர் போய்விட்டார், செல்கள் போகவில்லை. இரண்டு நாளைக்கு ஒருமுறை உணவு மாற்றி, இன்குபேட்டர் என்ற பெட்டிக்குள் உடம்புச் சூட்டிலேயே வைத்திருந்தால் அவை பாட்டுக்குப் பெருகிக்கொண்டிருக்கும். ஒரு மூலிகைச் சாறு அவற்றைக் கொல்கிறதா என்று பார்க்க, உள்ளங்கை அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் தட்டு இருக்கிறது. அதில் தொண்ணூற்றாறு சின்னக் குழிகள். ஒவ்வொரு குழியிலும் செல்களை விட்டு, சாற்றை வெவ்வேறு அளவில் சேர்த்து, மூன்று நாள் இன்குபேட்டருக்குள் வைப்போம். கடைசியில் ஒரு மஞ்சள் சாயம். உயிரோடு இருக்கும் செல் அதை ஊதாவாக மாற்றும். செத்த குழி மஞ்சளாகவே கிடக்கும். மிச்சத்தை இயந்திரம் படித்து எண்களாகக் கொடுத்துவிடும்.

இதில் ஒரு சின்ன விஷயம். தட்டின் நான்கு ஓரத்திலும் இருக்கும் முப்பத்தாறு குழிகள் சீக்கிரம் காயும். இன்குபேட்டரின் அடியில் உள்ள தண்ணீர்த் தட்டு நிறைந்திருந்தால் காற்றில் ஈரம் இருக்கும், பெரிதாக ஒன்றும் ஆகாது. தண்ணீர் இல்லையென்றால் ஓரக் குழிகளில் இருக்கும் உணவு சுண்டி, உப்பு ஏறி, செல்கள் தாமாகவே செத்துப்போகும். அதற்குச் சாறு தேவையில்லை. மூலையில் இருக்கும் நான்கு குழிகள் முதலில் போகும். அதனால் ஓரக் குழிகளில் வெறும் தண்ணீர் விட்டு, எதையும் சோதிக்காமல் விட வேண்டும் என்று எங்கள் ஆய்வகத்தில் ஒரு விதி. அந்த விதியைக் கொண்டுவந்ததே நான்தான். "உங்களுக்குத்தான்யா டாக்டர் பட்டம் குடுக்கணும்" என்று சார் எல்லார் முன்னாலும் சொன்னார். சார் என்று நான் எழுதுவது ஆய்வகத் தலைவரான பேராசிரியரை. நேரில் இருபத்திரண்டு வருடம் அப்படிக் கூப்பிட்டுவிட்டேன், காகிதத்தில் மாற்ற வரவில்லை.

ஏழு வருடத்துக்கு முன்பு சார் ஒரு கொடியின் வேர்ப்பட்டையிலிருந்து சாறு எடுத்தார். எங்கள் பட்டியலில் அது ஏழாம் எண். அதிக அளவில் கொடுத்தபோது செல்கள் செத்தன. எனக்குச் சந்தேகம் வந்து, சாறே இல்லாமல், சாற்றைக் கரைக்கும் திரவத்தை மட்டும் அதே அளவில் விட்டுப் பார்த்தேன். அப்போதும் அதே அளவு செல்கள் செத்தன. கொன்றது திரவம். வேர் சும்மா கூட வந்தது, அவ்வளவுதான். தட்டைக் கொண்டுபோய்ச் சாரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "இதை அடுத்த கட்டுரைல பாத்துக்கலாம்" என்றார். அடுத்த கட்டுரை வரவில்லை. அதற்குள் ஒரு நாளிதழில் வந்துவிட்டது. கல்லீரல் புற்றுநோயைக் கொல்லும் கொடி என்று கொட்டை எழுத்தில், சார் வெள்ளைக் கோட்டுடன் நிற்கும் படத்தோடு.

அந்த வருடம்தான் என் தங்கைக்குக் கல்லீரலில் கட்டி இருப்பது தெரிந்தது. என்னைவிட ஒன்பது வயது சின்னவள். அம்மா அப்பா போனபிறகு என் வீட்டு மாடியில்தான் இருந்தாள், தையல் மெஷினும் அவளுமாக. ஒரே கட்டி, எலுமிச்சை அளவு. வெட்டி எடுத்துவிடலாம் என்று அறுவை மருத்துவர் சொன்னார். அவளுக்குக் கத்தி என்றாலே பயம். "துணின்னா கிழிஞ்சாத் தைச்சுக்கலாம், என்னைக் கிழிச்சா யாரு தைப்பா?" என்பாள். நாளிதழில் வந்ததை வெட்டி மெஷினுக்கு மேலே ஒட்டிவைத்திருந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகாமல் ஐந்து மாதம் ஏழாம் எண் சாற்றைக் குடித்தாள். அதன்பிறகு வெட்டுவதற்கு இடமில்லாமல் போயிற்று. அவள் இறந்தபோது வயது முப்பத்தெட்டு.

சார் துக்கம் விசாரிக்க வீட்டுக்கு வந்தார். பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தார். "பேப்பர்ல வந்ததைப் படிச்சுட்டுத்தான் சார் ஆபரேஷன் வேணாம்னுட்டா" என்றேன். அவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். "அடடா. செல்லு வேற, மனுஷன் வேற. படிச்ச யாருக்கும் தெரியுமே இது" என்றார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

நான் கோபப்படவில்லை. வாசல்வரை போய் வழியனுப்பினேன். செருப்பைத் தேடினார், எடுத்துக் கொடுத்தேன். ஆனால் அந்த வாக்கியம் உள்ளேயே தங்கிவிட்டது. தினமும் காலையில் இன்குபேட்டர் கதவைத் திறக்கும்போது அது காதில் விழும். ஆறு வருடம் திறந்திருக்கிறேன். ஒரு திட்டமும் வைத்திருக்கவில்லை. திட்டம் போட்டுக் காத்திருந்தேன் என்று நீங்கள் எழுதினால் அது தவறு. காத்திருந்தேன், அவ்வளவுதான்.

போன வருடம் சாருடைய தங்கைக்குக் கட்டி வந்தது.

அவரைத் தாங்கள் பார்த்திருக்கலாம். கணக்கு டீச்சர். கல்யாணம் செய்துகொள்ளாமல் அண்ணன் வீட்டிலேயே இருக்கிறார். ஐம்பது வயது. ஒரே கட்டி, கல்லீரலின் விளிம்பில். ஒரு மாதத்துக்குள் வெட்டி எடுத்துவிட்டால் கவலையில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். தேதியும் குறித்தாயிற்று. டீச்சருக்கு இதய வால்வில் பழைய பழுது ஒன்று உண்டு. மயக்க மருந்து கொடுப்பதில் கொஞ்சம் ஆபத்து இருக்கிறது என்று யாரோ சொல்ல, சாருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

ஒரு நாள் மதியம் என் மேஜைக்கே வந்தார். அவர் என் மேஜைக்கு வந்தது அதுவே முதல் தடவை. உட்கார நாற்காலி இல்லை, நின்றுகொண்டே பேசினார்.

"ஏழாம் எண்ணை மறுபடி ஒரு தடவை பண்ணிப் பாருங்க. வெறும் திரவத்தையும் பக்கத்துலயே வச்சுப் பாருங்க. நீங்க அப்ப காட்டினீங்க, நான் காது குடுக்கலை. இப்ப எனக்கு உண்மை வேணும். வேலை செய்யலன்னா நாளைக்கே அவளை அட்மிட் பண்ணிடறேன்."

நான் "சரி சார்" என்றேன்.

நான் அவரை ஏமாற்றிவிடக் கூடாது என்பதில் அவர் கவனமாகத்தான் இருந்தார். குப்பிகளில் பெயர் எழுதாமல் அ, ஆ, இ என்று தானே ஒட்டிக்கொடுத்தார், எது எதுவென்று எனக்குத் தெரியாமல் இருக்கட்டும் என்று. நல்ல முறைதான். ஆனால் சாறு பழுப்பு நிறம், திரவத்துக்கு நிறமே கிடையாது. அதைச் சொல்லி அவர் மனதை நோகடிக்க நான் விரும்பவில்லை.

நான் ஒரு எண்ணையும் மாற்றவில்லை என்பதைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். சாற்றில் எதையும் கலக்கவில்லை. வெறும் திரவத்தை நட்டநடுக் குழிகளில் வைத்தேன். பழுப்பு நிறக் குப்பியை ஓரத்தில் வைத்தேன். அதிக அளவை நான்கு மூலையிலும், அதைவிடக் குறைவானதை மூலைக்குப் பக்கத்திலும், மிகக் குறைவானதை ஓரத்தை விட்டு ஒரு வரிசை உள்ளேயும். எல்லாக் குப்பியையும் மிகவும் நீர்க்கச் செய்திருந்தேன், திரவம் தன் பழைய வேலையைக் காட்டாதபடி. தண்ணீர்த் தட்டைத் துடைத்துக் காயவைத்தேன். நல்ல கல்லீரல் செல்களுக்கு என்ன ஆகிறது என்றும் சார் கேட்டிருந்தார். அவை இருந்த தட்டைப் பக்கத்து இன்குபேட்டரில் வைத்து, அங்கே தண்ணீர்த் தட்டை விளிம்புவரை நிரப்பினேன். சாற்றை நடுக் குழிகளில் விட்டேன். மற்றபடி எல்லாம் விதிப்படி.

மூன்று நாள் கழித்துத் தட்டை எடுத்தபோது அழகாக இருந்தது. நடுவில் நல்ல ஊதா. ஓரத்துக்கு வர வர வெளிறி, மூலையில் பளிச்சென்று மஞ்சள். சாறு கூடக் கூடச் சாவு கூடுகிறது என்று யார் பார்த்தாலும் சொல்வார்கள். பக்கத்துத் தட்டில் நல்ல செல்கள் அத்தனையும் உயிரோடு. கெட்டதை மட்டும் கொல்கிறது, நல்லதைத் தொடவில்லை. மூன்று முறை திரும்பச் செய்யச் சொன்னார், மூன்று முறையும் செய்தேன். மூன்று முறையும் அச்சு அசல் ஒன்றுபோலவே வந்தது. வேலை சுத்தமாக இருந்தால் அப்படித்தான் வரும்.

சார் தட்டை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். ஓரக் குழிகளில் சோதனை செய்யக் கூடாது என்பது அவருக்கும் தெரியும், மாணவர்களை அதற்காகத் திட்டியிருக்கிறார். அன்று தட்டு அவர் கையில்தான் இருந்தது. எந்தக் குழி எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டியதுதான் பாக்கி. அவர் நிறத்தை மட்டும் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. என் தோளில் கை வைத்து, "நீங்க என் தங்கச்சியைக் காப்பாத்திட்டீங்க" என்றார்.

அன்று மதியம் இரண்டு டீ குடித்தேன். வழக்கமாக ஒன்றுதான்.

அறுவைக்குக் குறித்த தேதியைத் தள்ளிப்போட்டார்கள். வாரம் ஒரு பாட்டில் சாறு, திரவம் நீக்கித் தண்ணீரில் கலந்தது. அதை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். சனிக்கிழமைகளில் போவேன். டீச்சர் வாசல் பக்கத்து அறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருப்பார்.

"வாங்கண்ணா. விஷம் வந்தாச்சா?" என்பார். முதல் சனிக்கிழமையிலிருந்தே அப்படித்தான் கேட்பார். ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "இந்தக் கசப்புக்கு அந்தக் கட்டி பயந்து ஓடுதோ இல்லையோ, எங்க வீட்டு எலியெல்லாம் ஓடிடும்" என்பார். பிறகு எனக்கு பிஸ்கட் வைப்பார். எதிரே உட்காரச் சொல்லி ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதிய பதில்களைப் படித்துக் காட்டுவார். ஒரு பையன் முக்கோணத்துக்கு நாலு பக்கம் போட்டுவிட்டு, அடியில் 'ஒன்று உபரி' என்று எழுதியிருந்தானாம். நானும் சிரித்தேன். அவரிடம் எனக்கு எந்தக் குறையும் இல்லை. என் தங்கையைப்போலவே வெடுக்கென்று பேசுகிறவர்.

நான்காவது சனிக்கிழமை அவர் கிண்டல் எதுவும் பேசவில்லை. பாட்டிலை வாங்கி மேஜைமேல் வைத்துவிட்டு, பேனாவை மூடினார்.

"அண்ணா, ஒண்ணு கேக்கறேன், மறைக்காமச் சொல்லணும். எங்க அண்ணன் சொல்றதை விடுங்க. அவருக்கு என்மேல பாசம், அந்தக் கொடிமேல அதைவிடப் பாசம். தட்டைக் கையில பிடிச்சுப் பாத்தது நீங்கதானே? டாக்டர் நேத்துக்கூட போன் பண்ணாரு. இன்னும் நேரம் இருக்கு, வர்ற திங்கக்கிழமை வந்தாக்கூட எடுத்துடலாம்னாரு. வால்வு விஷயத்தையும் பாத்துக்கறேன்னுட்டாரு. நான் போகட்டுமா, இதையே குடிக்கட்டுமா?"

இந்த இடத்தை நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும். அதுவரை நடந்ததெல்லாம் தட்டு சம்பந்தப்பட்டது. "போங்க" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் திங்கட்கிழமை அவர் ஆஸ்பத்திரியில் இருந்திருப்பார். அது எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. சாருடைய செருப்புகள் வாசலில் கிடந்தன. அவற்றைப் பார்த்தேன்.

"உங்க இடத்துல என் தங்கச்சி இருந்தா, இதையேதான் குடிக்கச் சொல்வேன்" என்றேன்.

அவர் விடைத்தாள்களை அடுக்கி ஓரமாக வைத்தார். பிறகு, "அப்ப சரி. எதுக்கு ஆஸ்பத்திரில வீணா ஒரு பெட்டை அடைச்சுக்கிட்டு" என்று பாட்டிலைத் திறந்தார்.

ஐந்தாவது மாதம் எடுத்த ஸ்கேனில் கட்டி பெரிய ரத்தக்குழாய்க்குள் போயிருந்தது. இனிமேல் வெட்ட முடியாது என்றார்கள். சார் ஆய்வகத்துக்கு வந்து, விளக்கைக்கூடப் போடாமல் என் மேஜைக்குப் பக்கத்தில் நின்றார். தட்டில் செத்தது உள்ளே ஏன் சாகவில்லை என்று கேட்டார். என்னிடம் கேட்டாரா, தன்னிடமே கேட்டுக்கொண்டாரா தெரியாது. அந்த நாளுக்காகத்தான் அத்தனை வருடம் அந்த வாக்கியத்தை உள்ளே வைத்திருந்தேன். நிதானமாகச் சொன்னேன்.

"செல்லு வேற, மனுஷன் வேற சார். படிச்ச யாருக்கும் தெரியுமே இது."

அவர் முகம் வெளுக்கும் என்று எதிர்பார்த்தேன். அவர் மெதுவாகத் தலையாட்டினார். "உண்மைதான். யாரு சொன்னது இது? ரொம்பச் சரியாச் சொல்லியிருக்காங்க" என்றார்.

அவருக்கு நினைவில்லை. என் வீட்டில் உட்கார்ந்து, என் டீயைக் குடித்துவிட்டுச் சொன்னது அவருக்கு நினைவே இல்லை. அன்றைக்குத்தான் எனக்குக் கோபம் வந்தது என்று நினைக்கிறேன். அதனால்தான் தட்டுகளின் புகைப்படங்களை உங்கள் அலுவலகத்துக்குப் பெயர் போடாமல் அனுப்பினேன், ஓரக் குழிகளைச் சிவப்பு மையால் வட்டமிட்டு. அனுப்பியது யார் என்று ஐந்தாவது கேள்வியில் கேட்டிருந்தீர்கள். தன் தங்கை எப்படிப் போகிறார் என்பது அவருக்குத் தெரிய வேண்டும். அது தெரியாமல் வெறுமனே அழுதுகொண்டிருந்தால் இவ்வளவு வேலைக்கும் அர்த்தம் இல்லை.

டீச்சர் இன்னும் உயிரோடு இருக்கிறார். மருத்துவர்கள் ஆறு வாரம் என்கிறார்கள். சனிக்கிழமைகளில் இப்போதும் போகிறேன். பாட்டில் இல்லை, சும்மாதான். விடைத்தாள் திருத்தக் கை நடுங்குகிறது என்பதால் நான் பக்கத்தில் உட்கார்ந்து மதிப்பெண்களைக் கூட்டிக் கொடுக்கிறேன். "எங்க அண்ணன் உள்ளேயே கதவைச் சாத்திக்கிட்டு இருக்காரு. நீங்க ஒருத்தர்தான் பக்கத்துல உக்காந்து பேசறீங்க" என்று போன வாரம் சொன்னார். இந்தக் கடிதத்தை அவரிடம் மட்டும் காட்ட வேண்டாம். மனம் நோகும்.

இன்னொரு விஷயம். நீங்கள் கேட்கவில்லை, ஆனால் குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே ஒரு பதிவேடு இருக்கிறது, சாறு எடுத்துச் செல்கிறவர்கள் கையெழுத்துப் போடுவது. பழைய பக்கங்களைப் புரட்டினால், ஏழு வருடத்துக்கு முன்பு ஐந்து மாதம், வாரம் ஒரு பாட்டில் ஏழாம் எண் வெளியே போயிருப்பதைப் பார்ப்பீர்கள். கையெழுத்து என்னுடையதுதான். யாரும் சொல்லி எடுக்கவில்லை. வெறும் திரவம் விட்ட தட்டை நான் பார்த்து அப்போது மூன்று வாரம் ஆகியிருந்தது. அது வேலை செய்யாது என்று உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும், ஒருவர் சார், இன்னொருவர் நான். பாட்டிலை மாடிக்குக் கொண்டுபோனபோது தங்கை மெஷினை நிறுத்திவிட்டு, "நீ அங்கயேதானே இருக்க, இது நிஜமா வேலை செய்யுதாண்ணா?" என்று கேட்டாள். ஆபரேஷனுக்கு அப்படிப் பயந்துபோயிருந்தாள், நான் வேறென்ன சொல்ல முடியும்? "செய்யுது, குடி" என்றேன். அதன்பிறகு ஒவ்வொரு வாரமும் சொன்னேன்.

அதையும் சாருடைய குற்றங்களில் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தொழில்நுட்ப உதவியாளர்